வாசலிலிருந்து வாசல் வரை

(சென்னையில் நடந்த ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்னையில் நாள்தோறும் போய்வருவதில் நாம் படும் பாட்டையும் அதற்கான தீர்வுகளையும் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். படும் பாட்டை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே வந்து சேர்வதற்குள் ஒவ்வொருவரும் அதில் ஒரு பங்கைப் பட்டுவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். எனவே குறைகளை அடுக்குவதை விட்டு, ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

போக்குவரத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் வண்டி ஓடும் தூரத்தையும் நேரத்தையும் கணக்கெடுக்கிறார்கள். மக்களுடைய கணக்கு வேறு. வீட்டு வாசலைத் தாண்டியதிலிருந்து வேலையிடத்து வாசலை மிதிக்கும் வரை அவர்களுக்கு எல்லாமே பயணம்தான். நிறுத்தம் வரைக்கும் நடப்பது, வெயிலில் நிற்பது, ஒரு வண்டியிலிருந்து இறங்கி அடுத்ததைத் தேடி ஓடுவது, கடைசி ஒரு கிலோமீட்டருக்கு ஆட்டோவிடம் பேரம் பேசுவது எல்லாம் அதில் சேரும். நம்மை அதிகம் வாட்டுவது வண்டிக்கு வெளியே கழியும் இந்த நேரம். அதைச் சரிசெய்வதே முதல் வேலை. அதற்கு ஆகும் செலவும் குறைவு, காலமும் குறைவு. இதுதான் என் வாதம்.

பெரும்பாக்கத்திலிருந்து மந்தைவெளிக்கு வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் குடியமர்த்தினோம். கண்ணகி நகர்க் குடியிருப்பு 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் ஏராளம். வீடு இடம் மாறியது, வேலை மாறவில்லை. நடந்தே போய்வந்த வீடுகளுக்கு இப்போது இரண்டு பேருந்து பிடிக்க வேண்டும். விடியும் முன்பே நிறுத்தத்தில் நிற்க வேண்டும். மாலையில் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது அவர் இன்னும் வழியில்தான் இருப்பார்.

2021 மே 8 முதல் நம் மாநிலத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் பயணம் செய்கிறார்கள். பின்னர் திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்த உரிமை விரிந்தது. அண்மைக் காலத்தில் உழைக்கும் பெண்களின் கையில் நேரடியாகப் பணத்தை மிச்சப்படுத்திய திட்டங்களில் இதற்கு நான் முதலிடம் கொடுப்பேன். வேலை தேடும் எல்லையை அது விரித்தது. தாய்வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் போவதற்கு இன்னொருவரிடம் காசு கேட்க வேண்டிய நிலையை மாற்றியது.

ஆனால் நிறுத்தத்தில் நடப்பதைப் பாருங்கள். டீலக்ஸ் பேருந்து வருகிறது, அந்தப் பெரும்பாக்கத்துப் பெண் ஏறுவதில்லை. கட்டணமில்லாப் பயணம் அதில் செல்லாது. முகப்பில் இளஞ்சிவப்பு நிறம் பூசிய பேருந்து கண்ணில் படும்வரை நின்றுகொண்டே இருக்கிறார். பணத்தில் மிச்சமானது நேரத்தில் செலவாகிறது. அந்த நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை. திட்டத்தின் பலன் முழுமையாக அவருக்குப் போய்ச்சேர வேண்டுமானால், கூட்ட நேரத்தில் அவர் நிற்கும் தடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு சாதாரணக் கட்டணப் பேருந்து வந்தாக வேண்டும்.

போக்குவரத்துத் திட்டமிடுதலில் நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை ஒன்று உண்டு. வண்டிக்குள் கழியும் ஒரு நிமிடத்தைவிட நிறுத்தத்தில் கழியும் ஒரு நிமிடம் மனிதனுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு பாரமாக இருக்கிறது. எப்போது வரும் என்றே தெரியாமல் நின்றால் அந்தப் பாரம் இன்னும் கூடும். இருசக்கர வாகனத்தைத் தவணைக்கு வாங்கும் இளைஞனை ஆடம்பரக்காரன் என்று சொல்லாதீர்கள். அவன் வாங்குவது காத்திருக்க வேண்டாம் என்ற விடுதலையை.

அந்த விடுதலைக்குக் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். 64,105 விபத்துகளில் 17,884 உயிர்கள் போயின. பேருந்தை நம்பி நிற்க முடியாத ஊரில் மக்கள் இருசக்கர வாகனத்துக்கு மாறுகிறார்கள். அப்படி மாறியவர்களில் பலர் வீடு திரும்புவதில்லை. பேருந்து வராதது வெறும் அசௌகரியம் என்று நினைப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை படிக்க வேண்டும்.

இந்த நகரம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1895-லேயே மின்சார டிராம் ஓடிய ஊர் இது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தாம்பரம் வரைக்கும் ஊர் வளர்ந்ததற்கு அந்த ஒரு தண்டவாளமே பெரிய காரணம். டிராம் 1953-இல் நின்றுபோனது. 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், சோழ நாட்டுக்குச் சோழன் என்று கழகங்கள் வந்தன. சிற்றூர்களுக்கும் பேருந்து போகும் மாநிலம் என்ற பெயரை அந்தக் கழகங்கள்தான் நமக்குச் சம்பாதித்துக் கொடுத்தன. கிராமத்துப் பிள்ளை கல்லூரிக்குப் போனதும், நோயாளி மாவட்ட மருத்துவமனைக்குப் போனதும் அந்த வண்டிகளில்தான். அரசு பேருந்தை நடத்துவது வீண் செலவு என்று பேசுகிறவர்களுக்கு நம் மாநிலத்தின் கல்வி வரலாறே பதில்.

இன்றைய நிலைக்கு வருவோம். சென்னையில் மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் இருக்கும் பேருந்துகள் மூவாயிரத்துச் சொச்சம். ஆயிரம் பேருக்கு 0.6 பேருந்து, அதாவது ஒரு லட்சம் பேருக்கு 60 பேருந்து இருந்தால் அது நல்ல சேவை என்று ஒன்றிய நகர்ப்புற அமைச்சகத்தின் அளவுகோல் சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சென்னைப் பெருநகரப் பகுதியில் ஏறத்தாழ 86 லட்சம் பேர். அந்தப் பழைய கணக்குக்கே ஐயாயிரத்துக்கு மேல் பேருந்து வேண்டும். அதன் பிறகு எத்தனை ஏரிக்கரைகள் குடியிருப்பாகிவிட்டன என்பது உங்களுக்கே தெரியும். 2022-இல் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டோம். எல்லை ஐந்து மடங்கு ஆனது. பேருந்து அப்படி வளரவில்லை.

எண்ணிக்கை ஒரு பக்கம். இருக்கும் பேருந்துகள் ஓடும் முறை இன்னொரு பக்கம். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-க்கு நின்றவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். அரைமணி நேரம் ஒன்றும் வராது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வரும். முதல் வண்டியின் படிக்கட்டில் ஆள் தொங்கும், மூன்றாவது காலியாக வரும். ஓட்டுநர்கள் டீக்கடையில் கூடி நின்று பேசிவிட்டுச் சேர்ந்து கிளம்புகிறார்கள் என்று நாம் கோபப்படுகிறோம். உண்மைக் காரணம் வேறு. ஏதோ ஒரு சிக்னலில் ஒரு பேருந்து ஐந்து நிமிடம் தாமதப்படுகிறது. அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அவர்களை ஏற்றிச் சீட்டுக் கொடுக்க இன்னும் நேரமாகிறது. அதனால் அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் பெரிய கூட்டம் நிற்கிறது. பின்னால் வரும் வண்டிக்கு ஏற்ற ஆள் இல்லை. அது விரைவாக வந்து முன்னதை ஒட்டிக்கொள்கிறது. ஓட்டுநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நெரிசல் மிகுந்த சாலையில் இது நடந்தே தீரும்.

இதற்கு மருந்து உண்டு. வண்டி இருக்கும் இடத்தை நொடிக்கு நொடி காட்டும் கருவி பேருந்துகளில் வந்துவிட்டது. அந்தத் தகவலை வைத்து, வழியில் ஓரிரு நிறுத்தங்களில் பின்வண்டியைச் சில நிமிடம் நிறுத்தி, இடைவெளியைச் சீராக்கி அனுப்பலாம். வசூலை வைத்து ஊழியரை மதிப்பிடாமல் இடைவெளி தவறாமையை வைத்து மதிப்பிடலாம். கூட்டம் மிகுந்த நிறுத்தங்களில் ஏறும் முன்பே சீட்டு வாங்கும் வசதி செய்யலாம். சில்லறைக்காக நடத்துநரும் பயணியும் சண்டை போடும் நேரம் அதில் மிச்சமாகும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பேருந்துக்கென்று சாலையில் தனித்தடம் வேண்டும்.

தனித்தடம் என்றதும், 'இருக்கிற சாலையே போதவில்லையே' என்ற எதிர்ப்பு எழும். நியாயமான கேள்விதான். ஒரு கார் சராசரியாக ஓரிருவரை ஏற்றிச் செல்கிறது. இரண்டு மூன்று கார் நிற்கும் இடத்தை எடுத்துக்கொள்ளும் பேருந்து அறுபது எழுபது பேரைச் சுமக்கிறது. சாலை போதாத ஊருக்குத்தான் பேருந்துத் தடம் அவசியம். பிரேசில் நாட்டின் குரிட்டிபா நகரம் 1974-இலேயே அதைச் செய்து காட்டியது. அகமதாபாத்தில் 2009 முதல் ஓடுகிறது. 2006-இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையின் அடிப்படையே, சாலை வண்டிகளுக்காக அல்ல, மனிதர்களுக்காக என்பதுதான். சென்னையிலோ இந்த யோசனை பேச்சோடு நிற்கிறது. நம் பெருஞ்சாலைகளில் இடது ஓரம் முழுக்கக் கார்கள் இலவசமாக நிற்கின்றன. அந்த ஓரத்தைப் பேருந்துக்குத் திருப்பிக் கொடுத்தால் ஓர் அங்குலம் சாலையைக்கூட அகலப்படுத்த வேண்டியிருக்காது.

அடுத்து, வண்டி மாறும் இடங்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. 88 ஏக்கரில் அமைந்த பெரிய முனையம். கோயம்பேட்டுப் பேருந்து நிலைய நெரிசலைக் குறைக்க அது தேவைதான். எதிரே ஜிஎஸ்டி சாலை, அதையொட்டிப் புறநகர் ரயில் பாதை. ஆனால் முனையம் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் இரவெல்லாம் உட்கார்ந்து வந்த குடும்பம் விடியற்காலையில் பெட்டி, மூட்டை, தூங்கும் குழந்தையோடு இறங்கியது. தண்டவாளத்தில் ரயில் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது, ஏற வழியில்லாமல் இருந்தது. ஊரிலிருந்து சென்னைக்கு வரக் கொடுத்த கட்டணத்தைவிடக் கிளாம்பாக்கத்திலிருந்து வீடு சேர அதிகம் கொடுத்ததாகச் சொல்லாத தென்மாவட்டத்துக்காரர் அரிது. முனையம் முதலில், இணைப்பு பிறகு என்ற வரிசை தவறு. இரண்டும் ஒரே நாளில் திறக்கப்பட வேண்டியவை.

பறக்கும் ரயிலின் கதையும் இப்படித்தான். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது. 1997-இல் திருமயிலையைத் தொட்டது. வேளச்சேரிக்கு வர 2007 ஆகிவிட்டது. அங்கிருந்து பரங்கிமலை வெறும் ஐந்து கிலோமீட்டர். அந்த ஐந்து கிலோமீட்டர், ஆதம்பாக்கத்தில் அரைக் கிலோமீட்டர் நிலப் பிரச்சினையால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. புறநகர் ரயில், மெட்ரோ, பறக்கும் ரயில் மூன்றும் சந்திக்க வேண்டிய ஒரு முடிச்சை அத்தனை காலம் போடாமல் விட்டுவைத்தோம். பறக்கும் ரயில் நிலையங்கள் மாளிகைபோலப் பெரியவை. உள்ளே வெளிச்சம் போதாது, வாசலில் பேருந்து நிற்காது, இரவு எட்டு மணிக்குமேல் ஒரு பெண் தனியாகப் படியேறத் தயங்குகிறார். பாதை போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைத்ததன் விளைவு இது.

ஏன் இப்படி நடக்கிறது? புறநகர் ரயிலும் பறக்கும் ரயிலும் இந்திய ரயில்வேயிடம். பேருந்து மாநிலப் போக்குவரத்துத் துறையிடம். மெட்ரோ ரயிலுக்குத் தனி நிறுவனம். நடைபாதையும் தெருவிளக்கும் மாநகராட்சியிடம். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி நால்வரும் தனித்தனி அடுப்பு மூட்டினால், வந்த விருந்தாளி எந்த இலையில் உட்காருவார்? இவர்களை ஒரு மேசையில் உட்காரவைக்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வர 2019 ஆனது. குழுமத்தின் முதல் கூட்டம் 2022 நவம்பரில் நடந்தது. சட்டத்துக்கும் முதல் கூட்டத்துக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள்.

அந்தக் குழுமம் விழித்த பிறகு பலன் தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்தது. பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே செயலியில், ஒரே கியூஆர் குறியீட்டில் சீட்டு எடுக்கலாம். 'சிங்காரச் சென்னை' பயண அட்டை மெட்ரோவிலிருந்து பேருந்துக்கும் வந்திருக்கிறது. இவை நல்ல தொடக்கம். அடுத்த படி, கட்டணத்தையும் இணைப்பது. பேருந்திலிருந்து இறங்கி ரயில் ஏறுகிறவர் ஒவ்வொரு முறையும் குறைந்தபட்சக் கட்டணத்தைப் புதிதாகக் கட்டுகிறார். வண்டி மாற வேண்டிய கட்டாயம் அவர் குற்றமல்ல. அதற்கு அவரிடம் அபராதம் வாங்கக்கூடாது. ஒன்றரை மணி நேரத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் ஒரே கட்டணம் என்று ஆக்க வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கும் அது கிடைக்க வேண்டும்.

நடைபாதைக்கு வருகிறேன். பேருந்துப் பயணி ஒவ்வொருவரும் முதலில் நடந்து போகிறவர். 2014-இல் சென்னை மாநகராட்சி ஒரு சிறந்த கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான நிதியில் 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியாவில் வேறெந்த மாநகராட்சியும் அதற்குமுன் அப்படித் துணியவில்லை. 2019-இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தபோது, நம்மாலும் முடியும் என்று தெரிந்தது. குழந்தைகள் ஓடினார்கள், முதியவர்கள் உட்கார்ந்தார்கள். ஆனால் அந்தக் கொள்கை வியாசர்பாடிக்கும் கொடுங்கையூருக்கும் அதே அக்கறையோடு போகவில்லை. மின்மாற்றிப் பெட்டி, உடைந்த சிலாப், கடை விரிப்பு, நிறுத்திய பைக் இவற்றுக்கு நடுவே வழியில்லாமல் மக்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். நான் முன்பு சொன்ன 32,825 பேரை மறக்காதீர்கள்.

நடக்க முடியாதவர்களின் நிலையை யோசியுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. ஆனாலும் சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏறக்கூடிய தாழ்தளப் பேருந்துகளுக்காக அவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2025-இல் தாழ்தள மின்சாரப் பேருந்துகளும் வந்தன. தரையிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர் உயரத்திலேயே தளம். முட்டிவலிக்காரப் பாட்டியும், கைக்குழந்தைக்காரியும், காய்கறிக் கூடை சுமப்பவரும் இன்று அதில் எளிதாக ஏறுகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் போராடிப் பெற்றது நம் எல்லோருக்கும் கிடைத்தது. அவர்களுக்கு இந்த நகரம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

ஆட்டோவைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். 2013 ஆகஸ்டில் அரசு கட்டணம் நிர்ணயித்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதன் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் அது திருத்தப்படவில்லை. இடையில் எரிபொருள், காப்பீடு, உதிரிபாகம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் ஏறின. கட்டுப்படியாகாத மீட்டரை ஓட்டுநர் போடுவதில்லை. மீட்டர் இல்லாததால் பயணி ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார். இருவரும் தெருவில் நின்று ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை எரிபொருள் விலையோடு கட்டணத்தைத் தானாகத் திருத்தும் முறை இருந்தால், மீட்டர் போடாதவரைத் தண்டிக்கும் உரிமையும் அரசுக்கு வரும். ஷேர் ஆட்டோக்களை விரட்டுவதை விட்டு, பேருந்து நுழையாத தெருக்களிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஆள் கொண்டுவரும் துணைச் சேவையாக அவற்றுக்கு உரிமம் தர வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது. 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 532 கோடி. மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதவரத்துக்காரரும் பூந்தமல்லிக்காரரும் அதற்காகத் தூசியையும் பள்ளத்தையும் பல ஆண்டுகளாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள்; அது அவர்களுக்கு வரத்தான் வேண்டும். ஆனால் ஒரே ஒரு கிலோமீட்டர் மெட்ரோவின் செலவில் சில நூறு பேருந்துகள் வாங்கலாம். மெட்ரோ நிலையத்துக்குப் பயணியைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அந்தப் பேருந்துதான். பேருந்துக்குக் கொடுப்பதை நட்டம் என்றும் மெட்ரோவுக்குக் கொடுப்பதை முதலீடு என்றும் எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும். இரண்டும் பொதுப்பணம், இரண்டும் பொதுநலன்.

நான் கேட்பவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். முதலாவது, லட்சம் பேருக்கு 60 பேருந்து என்ற இலக்கை எட்ட ஆண்டுவாரியான திட்டம். இரண்டாவது, நெரிசல் மிகுந்த சாலைகளில் கூட்ட நேரத்திலாவது பேருந்துக்குத் தனித்தடம். மூன்றாவது, வண்டி மாறினாலும் ஒரே கட்டணம். நான்காவது, ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்தையும் ரயில் நிலையத்தையும் சுற்றி அரைக் கிலோமீட்டருக்குத் தடையற்ற நடைபாதை, விளக்கு, நிழல், உட்கார இடம், கழிப்பறை. ஐந்தாவது, இணைப்பு தயாராகாத எந்த முனையத்தையும் திறப்பதில்லை என்ற விதி. இவற்றில் மலையைக் குடைய வேண்டியது ஒன்றும் இல்லை.

இதில் நமக்கும் பங்கு உண்டு. சாலை, கழிவுநீர், குடிநீருக்காக மன்றாடும் நாம், பேருந்துக்காக மனு எழுதுவதில்லை. தமிழ்நாட்டு நகரங்களில் 2022 முதல் பகுதி சபைகள் இருக்கின்றன. உங்கள் பகுதிக்கும் ஒரு சபை உண்டு. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் நிறுத்தத்துக்குக் காலை ஏழு முதல் ஒன்பது வரை எந்தத் தடப் பேருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு வாரம் குறித்து வைத்து, அந்தத் தாளைக் கவுன்சிலர் கையில் கொடுங்கள். நிழற்குடை இல்லாத நிறுத்தத்தையும் நடக்க முடியாத நடைபாதையையும் படம் எடுத்துச் சேருங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கார் வைத்திருப்பவர்களே, பேருந்துத் தடம் வரும்போது எதிர்த்துக் கொடி பிடிக்காதீர்கள். உங்கள் வீட்டில் வேலை செய்பவர் அந்தப் பேருந்தில்தான் வருகிறார்.

நல்ல பேருந்து ஏழைகளுக்குப் போடும் பிச்சை அல்ல. ஒரு நகரம் தன் குடிமக்களுக்குத் தர வேண்டிய அடிப்படை உரிமை அது. அதைக் கேட்டுப் பெறுவோம்.